வளைகாப்புக்கு முன்னே ஒரு காப்பு!

மணம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டால் போதும், தெரு கேட்கத் தொடங்கிவிடும்: "என்ன, விசேஷம் உண்டா?" மூலக்குளத்திலும் கேட்கிறார்கள், முதலியார்பேட்டையிலும் கேட்கிறார்கள். குழாயடியிலே கேட்கிறார்கள், கோயில் வாசலிலே கேட்கிறார்கள், பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும் கேட்கிறார்கள். யாரைக் கேட்கிறார்கள்? பெண்ணை! மாப்பிள்ளையை வழிமறித்து ஒருவரும் ஒரு சொல் கேட்பதில்லை. ஆறு மாதம் போனால் கேள்வி குத்தலாகிறது. ஆண்டொன்று போனால் குத்தல் வசையாகிறது. "மலடி" என்ற கொடுஞ்சொல் மெல்லத் தலைநீட்டுகிறது.

ஆனால், "உன் உடம்பிலே இரத்தச் சத்து எவ்வளவு இருக்கிறது, அம்மா?" என்று கேட்டவர் உண்டா? "வேளைக்குச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டவர் உண்டா? "பிள்ளை பெறுமுன் மருத்துவரைப் பார்த்தீர்களா, இருவரும்?" என்று கேட்டவர் உண்டா? இல்லை! கேட்கக் கூடாததை ஊரே கேட்கிறது. கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்பதில்லை. இந்த விந்தையைப் பற்றித்தான் இன்று தோழர்களிடம் பேச விரும்புகிறோம்.

கேட்க வேண்டியதைக் கேளாமல் என்ன செய்கிறோம்? அரசமரத்தைச் சுற்றச் சொல்கிறோம். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று நம் பாட்டிமார்களே கேலி பேசிய வழக்கம் அது! சோதிடரிடம் கட்டத்தை நீட்டுகிறோம். இரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டத் தயங்குகிறோம். கரு தங்கிவிட்டால் கிரகணத்தன்று கதவைச் சாத்துகிறோம். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று பாலிலே குங்குமப்பூ! ஏன், கறுப்பு என்ன குற்றம் செய்தது? கறுத்த உடலால் உழைத்து, கறுத்த கையால் உலகுக்குச் சோறிட்ட இனத்துக்குக் கறுப்பிலே என்ன வெட்கம்? குங்குமப்பூ எந்தக் குழந்தையின் நிறத்தையும் மாற்றாது. அது மாற்றுவது ஏழையின் பணப்பையை மட்டும்தான்!

பிறகு ஏழாம் மாதம் வருகிறது, வளைகாப்பு வருகிறது. கை நிறையக் கண்ணாடி வளையல், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, சுற்றம் சூழச் சிரிப்பு. வளையலுக்கு நாம் பகைவரல்லர். ஒரு பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து ஊரார் மகிழ்வதை நாம் ஏன் வெறுக்கப் போகிறோம்? ஆனால் ஒன்று கேட்கிறோம். காப்பு ஏழாம் மாதத்தில் போடுகிறீர்களே, ஆபத்து எந்த மாதத்தில் வருகிறது?

முதல் மாதத்திலேயே வருகிறது, தோழர்களே! கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால், 28 ஆம் நாளுக்குள் ஒரு மெல்லிய குழாய் மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் குழாய்தான் பின்னர் மூளையாகிறது, முதுகுத் தண்டாகிறது. மேல்முனை மூடாவிட்டால் மண்டை முழுமையாக உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாவிட்டால் முதுகு பிளந்த குழந்தை பிறக்கிறது. கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரை அடக்கும் ஆற்றல் போகலாம், வாழ்நாள் முழுதும் மருத்துவமனை வாசலே வீட்டு வாசலாகலாம். அந்த 28 ஆம் நாளில் தாய்க்கு என்ன தெரியும்? தூரம் தள்ளிப்போய் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். கருவுற்றோம் என்பதே பலருக்கு அப்போது உறுதியாகியிராது!

கொத்தனார் தோழரைக் கேட்கிறோம்: தளம் போடும் நாளில் சிமெண்டு மூட்டையைக் கொண்டுவந்து, "இது அடித்தளத்துக்கு" என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வீர்? சிரிப்பீர்! வீட்டுக்குத் தெரிந்த நியாயம் வயிற்றுக்குத் தெரிய வேண்டாமா?

அந்த அடித்தளத்துக்கு வேண்டிய சிமெண்டின் பெயர் ஃபோலிக் அமிலம். விலை மலிந்த சிறு மாத்திரை. பிள்ளை வேண்டும் என்று கணவனும் மனைவியும் எண்ணத் தொடங்கிய நாள் முதல், அதாவது கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவேனும் தொடங்கி, கரு தங்கி 12 வாரம் முடியும் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இது யாரோ கண்ட கனவல்ல. முன்பு இத்தகைய குறையோடு குழந்தை பெற்ற தாய்மாரிடம், ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991 இல் வெளியாயிற்று. ஃபோலிக் அமிலம் அக்குறை மீண்டும் வராமல் நூற்றுக்கு 72 பங்கு தடுத்தது என்று கண்டார்கள். அமெரிக்கா 1998 முதல் தானிய மாவிலேயே அதைக் கலக்கச் சொல்லிச் சட்டமாக்கியது. முன்பு அத்தகைய குழந்தை பெற்றவர்களுக்கும், வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து உண்பவர்களுக்கும் அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

இந்தச் சத்தை உலகம் எப்படிக் கண்டுகொண்டது தெரியுமா? இங்கேதான் உழைப்பாளிகள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் உழைத்த பெண்கள் கருவுற்றபோது இரத்தம் சோர்ந்து, வெளுத்து வீழ்ந்து மடிவதன் காரணத்தைத் தேடினார். நீலகிரியின் குன்னூர் ஆய்வுக் கூடத்திலும் வேலை செய்தார். சென்னைத் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் 1931 இல் ஆராய்ந்தார். ஈஸ்ட் என்னும் நொதியிலிருந்து எடுத்த மலிவான சாறு, அந்த ஏழைத் தாய்மாரின் இரத்தத்தை மீட்டதை அவர் கண்டார். 1931 இல் உலகுக்கு எழுதிக் காட்டினார். அதிலிருந்த சத்து எது என்று உலகம் தேடிற்று. 1941 இல் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டார்கள். அதுவே ஃபோலிக் அமிலம்.

அந்தத் திருவல்லிக்கேணி மருத்துவமனைக்கு அன்று என்ன பெயர் தெரியுமா? "ஜாதி, கோஷா பெண்கள் மருத்துவமனை"! சாதிப் பெண்டிருக்கும் திரையிட்ட பெண்டிருக்கும் என்று பெயர்ப்பலகையிலேயே பிரித்து எழுதிய காலம் அது. இன்று அது கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை. எல்லாப் பெண்களுக்கும் உரியது. பலகை மாறியது தானாக அல்ல, போராட்டத்தால்! இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்த அறிவை உலகுக்கு அளித்தது பஞ்சாலைப் பெண்ணின் இரத்தம். உலகத்துச் சீமாட்டிகளெல்லாம் அதனால் பயன் பெறுகிறார்கள். பஞ்சாலைகளின் ஊராகிய புதுவையில், ஆலைத் தொழிலாளியின் பேத்திக்கு அந்த மாத்திரை உரிய நாளில் கிடைக்கிறதா? மூன்றாம் மாதத்தில் முதன்முதலாக மருத்துவமனைப் படியேறும்போது கிடைக்கிறது. அடித்தளம் எழும்பி முடிந்த பிறகு!

இரத்தத்தின் கதை இதோடு முடியவில்லை. 2019–21 இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையர். தமிழ்நாட்டில் 53 பேர்! கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கருவுற்றவளுக்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்த இரத்தத்தோடு கருவுறும் பெண்ணின் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், காலத்துக்கு முன்னரே பிறக்கலாம். பேறுகாலத்தில் சற்று அதிகமாக இரத்தம் போனாலும் தாயின் உயிரே போகலாம்.

ஏன் இந்த இரத்தப் பஞ்சம்? நம் வீட்டு அடுக்களையைப் பாருங்கள். முதலில் ஆண் உண்கிறான், பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார். எல்லோரும் எழுந்த பின் சட்டியின் அடியில் ஒட்டியது எவ்வளவோ, அவ்வளவு மருமகளுக்கு. மீன் குழம்பிலே மீன் இருக்காது. சாம்பாரிலே பருப்பு இருக்காது. வருணாசிரமத்தை வீதியிலே எதிர்க்கும் நாம், நம் வீட்டு அடுக்களையிலே ஒரு வருணாசிரமத்தை நடத்துகிறோமே, இது தகுமா? "கடைசியில் உண்பவள்" என்ற சாதி ஒன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்தச் சாதியை ஒழிக்கச் சட்டசபைக்குப் போக வேண்டாம்; சோற்றுப் பானைக்கு அருகே போனால் போதும்! சேர்ந்து உட்காருங்கள், சேர்ந்து உண்ணுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு, வேர்க்கடலை, முட்டை, மீன் என்று முடிந்ததைப் பகிருங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூட இருந்தால் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அச்சத்து சேராமல் போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

இனி, ஆண் தோழர்களே, உங்கள் பங்குக்கு வருகிறோம். "பிள்ளை பெறுவது அவள் வேலை, நமக்கென்ன?" என்றா எண்ணுகிறீர்? கருவில் பாதி உமது! ஆணின் விந்தணு முதிர்ந்து உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே, பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்தால், மூன்று மாதம் முன்பே கள்ளையும் சாராயத்தையும் பிராந்தியையும் பீடியையும் விட்டொழிக்க வேண்டியவர் நீர். தெருவுக்குத் தெரு மதுக்கடை மின்னும் புதுவையிலே இது எளிதல்ல, அறிவோம். எளிதான செயலுக்குத் தொண்டர் எதற்கு? உமது புகையை அவள் மூச்சில் இழுத்தாலும் கருவுக்குக் கேடு. பாட்டரிப் பட்டறையிலும் வண்ணப்பூச்சு வேலையிலும் இருப்போர்க்கு ஈயத்தின் நஞ்சு உண்டு. பூச்சிமருந்து தெளிப்போர்க்கும் நஞ்சு உண்டு. கை கால் கழுவி, உடை மாற்றி வீட்டுக்குள் நுழைவது நலம்.

மலடி என்று பெண்ணை வைகிறார்களே, குழந்தையில்லாக் குறைக்கு ஆணும் காரணமாகலாம். இருவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பெண்ணாய்ப் பெற்றாள் என்று பழிக்கிறார்களே, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் அணு! பழிப்பவன் கண்ணாடியைப் பார்த்துப் பழிக்கட்டும். சொத்து போய்விடக் கூடாதென்று அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிறார்களே, இரத்த உறவில் மணந்தால் பிறவிக் குறை நேரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. ஏற்கெனவே மணந்தவர்கள் அஞ்ச வேண்டாம். பெரும்பாலோர்க்கு நல்ல குழந்தையே பிறக்கிறது. ஆனால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்போது பெறுவது, எத்தனை பெறுவது என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னவர் பெரியார். "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற நூலிலே கர்ப்பத்தடைக்கென்றே ஒரு கட்டுரை ஒதுக்கினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை பேசியபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காகப் பேசினார். அந்தக் கருத்தைப் பாட்டிலே ஏற்றியவர் இந்தப் புதுவை மண்ணின் பாவேந்தர். "குடும்ப விளக்கு" நூலின் ஒரு பகுதிக்கு அவர் "மக்கட்பேறு" என்றே பெயரிட்டார். இன்றைய மருத்துவமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. ஒரு பிள்ளை பெற்ற பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டாண்டு இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுமிக்கு மணம் முடிப்பது சட்டப்படிக் குற்றம், மருத்துவப்படி இரட்டைக் குற்றம்.

கரு தங்கிய பின் செய்ய வேண்டியதையும் வரிசையாகச் சொல்கிறோம். 12 வாரத்துக்குள் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து, தாய் சேய் நல அட்டையைப் பெறுங்கள். இரத்த அளவு, இரத்த வகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பே சர்க்கரை நோய் உள்ள பெண், அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கருவுறுவது குழந்தைக்குப் பாதுகாப்பு. நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரையை நாள்தோறும் 180 நாள், பேற்றுக்குப் பின்னும் 180 நாள் உண்ண வேண்டும். மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு அஞ்சி மாத்திரையைக் குப்பையில் எறிய வேண்டாம். குறைந்தது நான்கு முறை பரிசோதனை என்பது அரசின் கணக்கு. எட்டு முறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, காய்ச்சல், நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் நல்ல நேரம் பார்க்காதீர்கள். 108 ஐ அழையுங்கள். இராகு காலம் பார்த்து எந்தக் குருதியும் நிற்பதில்லை!

மூலக்குளத்துக்கு இதற்கெல்லாம் வழியில்லையா? இருக்கிறது. பக்கத்திலே எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டிலே ஜிப்மர் இருக்கிறது. 1823 இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964 இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் அது. அரசு மருத்துவமனையில் பேறுகாலச் செலவு இலவசம் என்பது 2011 முதல் நடைமுறையிலுள்ள திட்டம். இன்று புதுவையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. இது சிறிய வெற்றியல்ல. வீட்டு மூலையில் அரிவாளால் கொடியறுத்த காலத்தை வென்ற வெற்றி! பிரசவ அறை வரை அறிவியலைக் கொண்டுவந்துவிட்டோம். மணவறை வரை கொண்டுவரவில்லை. மிச்சமிருக்கும் தூரம் அதுதான்.

விதி, விதி என்பாருக்கு ஒரு கணக்கு. 2018–20 இல் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு அசாமில் 195 தாய்மார் மடிந்தனர், தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஒரே நாடு, ஒரே வானம், ஒரே நவக்கிரகங்கள்! அசாமியப் பெண்ணின் தலையில் மட்டும் பிரமன் கோணலாக எழுதினானா? இல்லை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் சோறும் எழுதிய எழுத்து அது. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம்.

1936 ஜூலை 30 அன்று புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையானார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் அந்தக் குருதியின் விளைச்சல். பேறுகால விடுப்பும் அப்படிக் கேட்டுப் பெற்ற உரிமைதான். 1961 இல் அனைத்திந்தியச் சட்டம் வந்தது. 2017 இல் 26 வாரமாயிற்று. ஆனால் யாருக்கு? பதிவேட்டில் பெயர் உள்ளவளுக்கு! சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு, நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கு, தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் உள்ள தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தக்காரன் கையில் கூலி வாங்குகிறவளுக்கு 26 நாள் கிடைக்குமா? ஒன்பதாம் மாதத்திலும் செங்கல் சுமக்கிறாள். மாதம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போனால் மூன்று நாள் கூலி போகிறது.

ஆகவே ஆட்சியாளரை நாம் கேட்பது மூன்று. திருமணத்தைப் பதிவு செய்யும் இடத்திலேயே, இணையர் விரும்பினால், இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டும் ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுங்கள். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கருவுறுமுன் ஆலோசனை தரும் பிரிவைத் திறந்து வையுங்கள். கூலி இழக்காமல் இருவரும் வரட்டும். பதிவேட்டில் இல்லாத உழைப்பாளிப் பெண்ணுக்கும் பேறுகாலக் கூலி கிடைக்கச் செய்யுங்கள்.

அரசைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா நம் இயக்கம்? நம் கையிலேயே ஒரு மேடை இருக்கிறது. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, அருந்ததி இல்லை என்று நாம் நடத்திய சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 இல் அண்ணாவின் அரசு சட்டத் தகுதி தந்தது. அந்த மேடைகளிலே மணிக்கணக்கில் பேசுகிறோம். கிரேக்கத்தைப் பேசுகிறோம், ரோமாபுரியைப் பேசுகிறோம். மணமகளின் இரத்தசோகையைப் பேசுகிறோமா? "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்கிறோம். பெறுவதற்கு அவள் உடலில் வலு உண்டா என்று பார்க்கிறோமா?

மூலக்குளத்துத் தோழர்கள் தொடங்கி வைக்கட்டும். இனிக் கழகத்தார் தலைமையில் நடக்கும் ஒவ்வொரு மணவிழாவுக்கும் ஒரு திங்கள் முன்பாக, மணமகனும் மணமகளும் சுகாதார நிலையத்துக்குப் போய் வரட்டும். துணைக்குக் கிளைச் செயலாளரின் துணைவியார் போகட்டும். மொய்ப்பணத்தோடு ஒரு பெட்டி மாத்திரையும் மேடையில் வைக்கப்படட்டும். வாழ்த்துரையில் ஐந்து நிமிடம் இதற்கென ஒதுக்கப்படட்டும். மணமகன் எல்லோர் முன்னிலையிலும் இரண்டு உறுதி சொல்லட்டும்: "அவளோடு சேர்ந்து உண்பேன், குடியையும் புகையையும் தொடேன்!"

ஏழாம் மாதத்தில் கைக்கு வளையல் பூட்டுங்கள், மகிழ்வோம். அதற்கு முன், முதல் மாதத்துக்கும் முன், உயிருக்குக் காப்புக் கட்டுங்கள். தாய் தேறினால் சேய் தேறும். சேய் தேறினால் இனம் தேறும். எழுக தோழர்களே, அடுத்த முகூர்த்த நாளே நம் தொடக்க நாள்!